மேஸ்திரி பதில்கள்: அயர்லாந்து மாளிகையும் வண்ணாரப்பேட்டை மொட்டை மாடியும்

போன இதழில் ஹைகோர்ட் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, அதைக் கட்டி முடித்த ஹென்றி இர்வின் அயர்லாந்துக்காரர் என்று ஒரு வரி போட்டேன். என் மகள் டப்ளினில் நர்ஸாக இருக்கிறாள், அவள் தயவில் அங்கே சில பழைய மாளிகைகளைச் சுற்றிப் பார்த்தேன் என்றும் சேர்த்து எழுதிவிட்டேன். விளைவு, இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அயர்லாந்தைப் பற்றி. போர்வெல், வாஸ்து, பக்கத்து வீட்டுச் சுவர்த் தகராறு எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிப் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

*ஹைகோர்ட்டையும் எழும்பூர் ஸ்டேஷனையும் வடிவமைத்தவர் அயர்லாந்துக்காரர் என்றால், அவர் ஊர் மாளிகைகளும் அப்படித்தான் சிவப்பாக, குவிமாடம் வைத்து இருக்குமா ஐயா?*
*— ஒரு வாசகர், மின்ட் தெரு*

இருக்காது. அங்கே சாம்பல் நிறக் கல், ஸ்லேட் கூரை, வரிசையாக உயரமான ஜன்னல்கள். வானமும் பெரும்பாலும் அதே சாம்பல் நிறம்தான். பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஹைகோர்ட் நம்மைப் பிடித்து நிறுத்துமே, அந்த ஆரவாரம் அந்த வீடுகளில் கிடையாது. அங்கே அளவுதான் அழகு. ஜன்னலுக்கும் சுவருக்கும் உள்ள விகிதம், நடு வீட்டுக்கும் பக்க வீட்டுக்கும் உள்ள விகிதம். கண்ணுக்குப் பழக்கமாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

அந்த மாளிகைகளை இரண்டு காலமாகப் பிரித்துப் பாருங்கள். முதல் காலம் 18-ம் நூற்றாண்டு. இத்தாலியின் விசென்சா பக்கம் 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த பல்லாடியோ என்ற கட்டடக் கலைஞரின் முறைதான் அப்போது எல்லோருக்கும் வேதம். நடுவில் பெரிய வீடு, இரண்டு பக்கமும் தூண் வரிசை வைத்த தாழ்வாரம், அதன் முனைகளில் சமையல் கட்டும் குதிரை லாயமும். கில்டேர் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), செல்பிரிட்ஜ் ஊரில் இருக்கும் காசில்டவுன் இதற்கு நல்ல உதாரணம். 1722-ல் ஆரம்பித்த வேலை. முகப்பு, இத்தாலியர் கலிலேயுடையது (தொலைநோக்கிக்காரர் இல்லை, இவர் அலெசாண்ட்ரோ). மிச்சத்தைப் பார்த்துக்கொண்டவர் எட்வர்ட் லவெட் பியர்ஸ். சொந்தக்காரர் வில்லியம் கனோலி, அயர்லாந்து நாடாளுமன்றத்தின் சபாநாயகர். போரில் தோற்றவர்களிடமிருந்து பறிமுதலான நிலங்களை வாங்கி விற்றுப் பெரும் பணக்காரர் ஆனவர்.

இரண்டாவது காலம் 19-ம் நூற்றாண்டு. இதுதான் எனக்கு வேடிக்கையான காலம். 1801-ல் டப்ளின் நாடாளுமன்றம் இழுத்து மூடப்பட்டு, எல்லா அதிகாரமும் லண்டனுக்குப் போய்விட்டது. அதே சமயத்தில் அங்குள்ள நிலச்சுவான்தார்களுக்குத் திடீரென்று கோட்டை மீது ஆசை வந்தது. கொத்தளம், கோபுரம், அம்பு எய்யும் துளை. அம்பு எய்ய ஆள் கிடையாது, எதிரியும் கிடையாது! டல்லமோர் பக்கம் சார்ல்வில் கோட்டை 1800-க்கும் 1812-க்கும் இடையில் எழுந்தது, பிரான்சிஸ் ஜான்ஸ்டன் வடிவமைத்தார். இதே மனிதர்தான் பிறகு டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தைச் சுத்தமான கிரேக்கத் தூண்களோடு கட்டியவர். வேண்டியவருக்கு வேண்டிய வேஷம். அப்பா ரிச்சர்ட் மாரிசனும் மகன் விட்ருவியஸ் மாரிசனும் ஒரு வீட்டைக் கிரேக்கமாகவும் இன்னொன்றைப் பழைய இங்கிலாந்தின் டூடர் பாணியிலும் சளைக்காமல் கட்டிக் கொடுத்தார்கள்.

அதிகாரம் ஆட்டம் காணும்போது "நாங்கள் இங்கே ஆதியிலிருந்தே இருக்கிறோம்" என்று சொல்லிக்கொள்ள ஒரு பழைய உடுப்பு தேவைப்படுகிறது என்பது என் கணிப்பு. இர்வினும் இங்கே அதையே செய்தார் என்று நினைக்கிறேன். 1892-ல் முடிந்த ஹைகோர்ட்டிலும், 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகத்திலும், 1908-ல் வந்த எழும்பூர் ஸ்டேஷனிலும் அவர் முகலாயரிடமிருந்தும் மற்றவரிடமிருந்தும் எடுத்துப் போட்டிருக்கும் வளைவையும் கூண்டையும் பாருங்கள். வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு அது ஒரு நாட்டு உடுப்பு. ஆனால் வேலைத்தரத்தில் குறை சொல்ல முடியாது. ஹைகோர்ட்டைக் கட்டிய கான்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டி. வரைந்தவர் பெயரைச் சொன்னால் கட்டியவர் பெயரையும் சொல்ல வேண்டும், அதுதான் எங்கள் தொழில் தர்மம்.

*இத்தனை பெரிய வீட்டைக் கட்டவும் காப்பாற்றவும் காசு எங்கிருந்து வந்தது?*
*— ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை*

அம்மா, முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அங்கே வழிகாட்டிகள் கடைசியில்தான் இதற்கு வருகிறார்கள்.

குத்தகை. வேறொன்றும் இல்லை. வீட்டைச் சுற்றி மதில், மதிலுக்கு வெளியே ஆயிரக்கணக்கான ஏக்கர், அதில் துண்டு துண்டாகக் குடியானவர்கள். நிலக்காரர் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட், உழுதவர் பெரும்பாலும் கத்தோலிக்கர். விளைந்த தானியம் குத்தகைக்குப் போனது, குடியானவர் சாப்பிட்டது உருளைக்கிழங்கு. 1845-ல் உருளைக்கிழங்குச் செடியில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள்.

ராஸ்காமன் கவுன்டியில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்று ஒரு மாளிகை. அதன் சொந்தக்காரர் மேஜர் டெனிஸ் மஹோனுக்கு 1845-ல் சொத்து கைக்கு வந்தபோதே கடனும் கூட வந்தது. குத்தகை பாக்கி வைத்தவர்களை வைத்துக் கஞ்சி ஊற்றுவதைவிடக் கப்பல் ஏற்றி அனுப்புவது மலிவு என்று கணக்குப் போட்டார்கள். 1847-ல் அந்த எஸ்டேட்டிலிருந்து 1,490 பேர் கால்வாய்க் கரையோடு டப்ளினுக்கு நடந்தார்கள், அங்கிருந்து லிவர்பூல், அப்புறம் கனடா. வழியிலும் கப்பலிலும் மாண்டவர்கள் பலர். அதே ஆண்டு நவம்பரில் மஹோன் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்போது அந்த மாளிகையின் குதிரை லாயத்தில்தான் தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் இருக்கிறது. 1979-ல் எஸ்டேட்டை வாங்கிய உள்ளூர்க்காரர் ஒருவர், அங்கே கிடந்த பழைய காகிதக் கட்டுகளில் குடியானவர்கள் எழுதிய மனுக்களைப் பார்த்துவிட்டார். அதனால் வந்தது அந்த அருங்காட்சியகம். மேலே வெள்ளிக் கரண்டி, கீழே பசிக்கு மனு. இரண்டையும் ஒரே டிக்கெட்டில் காட்டுகிறார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். கால்வே கவுன்டி கூல் பார்க் மாளிகையின் வில்லியம் கிரிகரி. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்குப் பஞ்ச உதவி கிடையாது என்ற விதியை 1847-ல் லண்டன் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் அவர். நம் கணக்கில் 25 சென்ட். நிலத்தை விட்டுக் கொடுத்தால் கஞ்சி, வைத்துக்கொண்டால் பட்டினி. இதே கிரிகரி 1872 முதல் 1877 வரை இலங்கைக்குக் கவர்னர். கொழும்பு மியூசியம் இவர் காலத்தில் வந்தது, அங்கே அவருக்குச் சிலைகூட உண்டு.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. உங்கள் கொருக்குப்பேட்டை வழியாகப் போகிற பக்கிங்காம் கால்வாயையே எடுத்துக்கொள்ளுங்கள். கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கும் அதன் நகரத் துண்டு, தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-ல், கூலிக்கும் கஞ்சிக்கும் வந்த சனங்கள் வெட்டியது. காசில்டவுனிலும் இந்த மாதிரி ஒன்று உண்டு. 1740-ல் பஞ்சம் வந்தபோது கனோலியின் விதவை ஊராருக்கு வேலை கொடுக்க, வளைவுகளின் மேல் ஒரு கூர்ங்கோபுரம் எழுப்பினார். 140 அடி உயரம், எதற்கும் பயன்படாது. இன்றும் வீட்டின் நீளக் கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் தூரத்தில் தெரியும். நம் கால்வாயில் படகாவது போனது.

ஸ்டான்லியை நம் ஏரியாவில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்போமே, அந்தக் கஞ்சித் தொட்டி 1782-ல் ஹைதர் அலி சண்டைக் காலப் பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் ஆரம்பித்தது. அப்போது மெட்ராஸ் கவர்னர் மக்கார்ட்னி பிரபு, அவரும் அயர்லாந்துக்காரர். ஆன்ட்ரிம் கவுன்டியில் லிசனூர் கோட்டை அவர் வீடு. அவர் காலத்துக்குப் பிறகு, 1847-ல், அந்தக் கோட்டையில் சேமித்து வைத்திருந்த வெடிமருந்து வெடித்து, அப்போதைய வீட்டுக்காரரின் மனைவி இறந்துபோனார். கட்டடமும் போனது.

*வேலைக்காரர்கள் கண்ணில் படக் கூடாது என்று சுரங்கப் பாதை வைத்தார்கள் என்று எங்கோ படித்தேன். உண்மையா சார்?*
*— ஒரு கல்லூரி மாணவி, திருவொற்றியூர்*

உண்மை. ஸ்ட்ரோக்ஸ்டவுனிலேயே ஒன்று உண்டு. அதே கவுன்டியில் ராக்கிங்ஹாம் என்று ஏரிக்கரையில் ஒரு மாளிகை, 1810 வாக்கில் லண்டன் புகழ் ஜான் நாஷ் வடிவமைத்தது. நாலா பக்கமும் காட்சி அழகாக இருக்க வேண்டும், கரி வண்டியும் துணி மூட்டையும் குறுக்கே போகக் கூடாது என்று எல்லாவற்றையும் தரைக்கு அடியில் விட்டார்கள். 1957-ல் மின் கோளாறால் தீப்பிடித்து வீடு எரிந்தது, 1971-ல் மிச்சத்தையும் இடித்துவிட்டார்கள். இன்று அங்கே போனால் வீடு இல்லை, சுரங்கம் இருக்கிறது! நீங்கள் நடந்து பார்க்கலாம்.

ஸ்ட்ரோக்ஸ்டவுன் சமையல் கட்டில் மேலே ஒரு மாடம் ஓடுகிறது. எஜமானியம்மா கீழே இறங்காமல் அங்கே நின்றபடியே வாரத்துக்கான சமையல் பட்டியலைக் கீழே போடுவாராம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பின் சந்து வழியாக வரச் சொன்னதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? அங்கே கல் வைத்துக் கட்டினார்கள், அவ்வளவுதான்.

*பழைய வண்ணாரப்பேட்டையில் தாத்தா கட்டிய வீடு. மெட்ராஸ் டெரஸ். நாலைந்து இடத்தில் ஒழுகுகிறது. மேலே இரண்டு இஞ்ச் கான்கிரீட் போட்டு, கெமிக்கல் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் கான்ட்ராக்டர். அயர்லாந்தில் எப்போதும் மழையாமே, அவர்கள் என்ன செய்கிறார்கள் மேஸ்திரி ஐயா?*
*— ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை*

கான்ட்ராக்டரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

முதலில் மழை. டப்ளினில் ஒரு வருஷத்துக்குப் பெய்வது நம் சென்னையில் பெய்வதில் ஏறக்குறைய பாதிதான். மேற்குக் கரையில்தான் அதிகம். ஆனால் நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு மிச்ச மாதம் வெயில் சுவரைக் காயவைத்துவிடும். அங்கே நாள் தவறாமல் தூறல், சுவர் காயவே காயாது. அவர்கள் பிரச்சினை வெள்ளம் இல்லை, ஓதம்.

லிமரிக் கவுன்டியில் ட்ரோமோர் கோட்டை என்று ஒன்று, 1860-களின் கடைசியில் கட்ட ஆரம்பித்தது. காட்வின் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தார். ஈரம் வரும் என்று தெரிந்து, ஆறடி கனம் வரை கல் சுவர் வைத்து, உள்ளே இடைவெளி விட்டுச் செங்கல் சுவரும் கட்டினார். அப்படியும் சுவரில் ஓதம் ஏறி, உள்ளே தீட்ட நினைத்த சித்திரங்களை முடிக்க முடியவில்லை. 1950-களில் கூரையைப் பிரித்து விற்றுவிட்டார்கள். கனமான சுவர் தண்ணீரைத் தடுக்கும் என்று நினைக்கிற எல்லோருக்கும் அந்த வீட்டை ஒரு தடவை காட்ட வேண்டும்.

அங்கே பழைய வீட்டைப் பழுது பார்ப்பவர்கள் முதலில் போவது கூரைக்கு. அந்த வீடுகளில் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால், கீழே இருந்து பார்த்தால் தெரியாதபடி, ஈயத் தகடு போட்ட வாய்க்கால் ஓடும். இலை விழுந்து அது அடைத்தால், தண்ணீர் நேராகக் கூரை மரத்தின் முனைக்கு, அதாவது மரம் சுவருக்குள் நுழையும் இடத்துக்குப் போகும். அந்த முனைதான் முதலில் மக்கும். அப்புறம் டிரை ராட் என்ற பூஞ்சை பிடிக்கும், அது சுவருக்குள்ளேயே நூல் மாதிரி ஓடி அடுத்த அறை மரத்தையும் தின்னும். நம் ஊரில் அந்த வேலையைக் கரையான் செய்கிறது.

உங்கள் வீட்டிலும் தேக்கு விட்டத்தின் முனைதான் ஆபத்தான இடம். மெட்ராஸ் டெரஸ் என்பது என்ன? விட்டத்தின் மேல் சின்னச் செங்கலைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி, மூலைவாட்டாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டை ஓடு, அதாவது தட்டோடு, பதிப்பது. என் அப்பா காலத்தில் அடிக்கிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாடிக்கொண்டே அடிப்பார்கள். அந்தத் தளம் லேசாக அசையும், மூச்சு விடும். உள்ளே போன ஈரம் வெயிலில் வெளியே வந்துவிடும்.

அதன் மேல் இரண்டு இஞ்ச் கான்கிரீட் என்றால் சதுர அடிக்குச் சுமார் 11 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒன்றேகால் டன்னுக்கு மேல். நூறு வருஷ விட்டத்தின் தலையில் அதை ஏற்றுகிறீர்கள். அது மட்டுமா? கான்கிரீட் வெயிலில் விரிந்து சுருங்கி விரிசல் விடும், தண்ணீர் உள்ளே போகும், மேலே வர வழியில்லாமல் விட்டத்தில் தங்கும். ஒழுகல் நின்ற மாதிரி இருக்கும் இரண்டு வருஷம்தான் மிக மோசமான காலம், ஏனென்றால் நீங்கள் மேலே ஏறிப் பார்க்க மாட்டீர்கள். அயர்லாந்திலும் போன நூற்றாண்டில் கல் வீடுகளுக்குச் சிமென்ட் பூசி இதே பாடம் படித்தார்கள். இப்போது அங்கே பழைய வீட்டு வேலை என்றால் சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசுவதே பெரிய வேலையாக இருக்கிறது.

செய்ய வேண்டியது இது. தண்ணீர் இறங்கும் ஓட்டைகளையும் குழாய்களையும் புரட்டாசிக்குள் சுத்தம் செய்யுங்கள். பாதி ஒழுகல் அங்கேயே நிற்கும், காசு செலவில்லை. கைப்பிடிச் சுவர் இடுக்கில் முளைத்திருக்கும் அரசங்கன்றை மேலோடு வெட்டாமல் வேரோடு எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு விட்டத்தின் முனையையும் ஆணியால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் அந்த இடத்துக்கு உடனே முட்டு கொடுத்துவிட்டு மர வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். உடைந்த தட்டோட்டை மட்டும் எடுத்து, கீழே ஜல்லி இறுகி இருக்கிறதா பார்த்து, சுண்ணாம்புச் சாந்திலேயே மாற்றிப் பதியுங்கள். பழவேற்காடு, எண்ணூர் பக்கத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பில் நின்ற ஊர் இது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். கோயில் திருப்பணி நடக்கும் இடத்தில் போய் விசாரியுங்கள், கிடைப்பார்கள்.

*ராயபுரம் ஸ்டேஷன் தூண்களும் நீங்கள் சொல்லும் அந்த இத்தாலி வகைதானா அண்ணே?*
*— ஒரு வாசகர், ராயபுரம்*

உறவு உண்டு தம்பி, கொஞ்சம் தூரத்து உறவு. 1856 ஜூன் 28-ல் திறந்த கட்டடம். அந்தத் தூண்களின் வம்சம் கிரேக்க, ரோமானியக் கோயில்களிலிருந்து வருகிறது. அதே ஆண்டுகளில் அயர்லாந்தில் கட்டிய ஸ்டேஷன்களும் இதே தூண் மோகத்தில்தான் இருந்தன. நின்று பாருங்கள், ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் யாரும் பார்ப்பதில்லை.

*அந்த மாளிகைகளை எரித்தார்களாமே. யார், ஏன்?*
*— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை*

1919-க்கும் 1923-க்கும் இடையில், பிரிட்டனை எதிர்த்து நடந்த விடுதலைப் போரிலும் அதன் பின் வந்த உள்நாட்டுப் போரிலும், குறைந்தது 275 மாளிகைகள் அழிக்கப்பட்டன. காரணம் ஒன்றல்ல. சிலது ராணுவம் தங்கிவிடக் கூடாது என்று. சிலது பழிக்குப் பழி. சிலது பக்கத்து நிலத்தின் மேல் கண். உள்நாட்டுப் போரில் புதிய அரசின் செனட்டர்கள் வீடுகளைக் குறிவைத்தார்கள்.

நம் கன்னிமாரா நூலகத்துக்குப் பெயர் கொடுத்த கவர்னர் இருக்கிறாரே, அவர் மேயோ பிரபுக்கள் குடும்பம். அண்ணன்தான் 1872-ல் அந்தமானில் குத்திக் கொல்லப்பட்ட வைஸ்ராய். அவர்கள் வீடு கில்டேரில் பாமர்ஸ்டவுன். 1923 ஜனவரியில் அதையும் எரித்தார்கள், அப்போதைய பிரபு செனட்டராக இருந்தார்.

எனக்கு மனசு ஆறாத வீடு மேயோ கவுன்டி மூர் ஹால். பஞ்ச காலத்தில் அதன் சொந்தக்காரர் ஜார்ஜ் ஹென்றி மூர். 1846-ல் இவருடைய குதிரை கொருன்னா, செஸ்டர் கோப்பைப் பந்தயத்தில் ஜெயித்தது. அந்தப் பணத்தில் குடியானவர்களுக்குத் தானியம் வாங்கிக் கொடுத்தார், ஒருவரையும் வெளியேற்றவில்லை. கிண்டியில் குதிரை ஜெயித்து யாருக்காவது சோறு போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை! அந்த வீட்டையும் 1923 பிப்ரவரி 1-ம் தேதி கொளுத்திவிட்டார்கள். மகன் செனட்டர் என்பதுதான் குற்றம். கூரையில்லாத சுவர்கள் இன்னும் ஏரிக்கரைக் காட்டுக்குள் நிற்கின்றன.

ஆனால் ஒரு விஷயம். தீயைவிட அதிகம் தின்றது கணக்குப் புத்தகம். 1903 நிலச் சட்டத்தில் அரசாங்கம் குடியானவர்களுக்குக் கடன் கொடுத்து நிலத்தை வாங்க வைத்தது. நிலச்சுவான்தாருக்கு விலைக்கு மேல் 12 சதவீதம் ஊக்கத்தொகை. நம் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948-ல். நிலம் போனது, குத்தகை போனது, வீடு மட்டும் மிஞ்சியது. வருமானம் இல்லாமல் நூறு ஜன்னல் வீட்டை எப்படிக் காப்பாற்றுவது? இதில் கூரை உள்ள வீட்டுக்குத்தான் வரி என்று இருந்தது. அதனால் பலர் ஆள் வைத்துக் கூரையைப் பிரித்தார்கள். எனக்குத் தெரிந்து வரிக்குப் பயந்து வீட்டுத் தலையைச் சீவியது அங்கேதான். கூல் பார்க்கில் கிரிகரியின் மனைவி அகஸ்டா, அயர்லாந்தின் நாடக மறுமலர்ச்சிக்கே தாய் மாதிரி இருந்தவர், 1927-ல் அரசாங்கத்துக்கு விற்றுவிட்டு அங்கேயே வாடகைக்கு இருந்தார். 1932-ல் இறந்தார். 1941-ல் வீட்டை இடித்துக் கல்லை எடுத்துக்கொண்டார்கள். விருந்தாளிகளான எழுத்தாளர்கள் பெயரைச் செதுக்கிய ஒரு மரம் மட்டும் தோட்டத்தில் இருக்கிறது.

*அங்கே பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு அரசு உதவி உண்டா? இங்கே ஹெரிடேஜ் பட்டியல் என்றாலே வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்களே.*
*— ஒரு வாசகி, ஜார்ஜ் டவுன்*

உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது 482-ம் பிரிவு என்று அவர்கள் சொல்லும் வரிச் சலுகை. அங்கீகாரம் பெற்ற பழைய வீட்டுக்காரர் வருஷத்தில் குறைந்தது 60 நாள் பொதுமக்களுக்கு வீட்டைத் திறந்து காட்டினால், பழுது பார்த்த செலவை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். கொடுப்பதும் வாங்குவதும் தெளிவாக இருக்கிறது. தனியார் சங்கமும் உண்டு. 1958-ல் தொடங்கிய ஐரிஷ் ஜார்ஜியன் சொசைட்டி, வீட்டு மனைக்காரர்கள் கைக்குப் போய்ச் சீரழிந்துகொண்டிருந்த காசில்டவுனைக் காப்பாற்றப் பாடுபட்டது. 1967-ல் அந்தச் சங்கத்தை நடத்திய டெஸ்மண்ட் கின்னஸ் சொந்தப் பணத்தில் அதை வாங்கினார். 1994-ல் அரசு எடுத்துக்கொண்டது.

இங்கே பட்டியலில் சேர்த்தால் இடிக்கக் கூடாது என்பது தெரிகிறது, பழுது பார்க்க யார் தருவார் என்பது தெரியவில்லை. அதனால்தான் பயம். தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. சட்டத்தோடு சுண்ணாம்புக்கும் தேக்குக்கும் காசு வந்தால், நானே உங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பட்டியலில் சேரச் சொல்வேன்.

*மகன் டப்ளினில் இருக்கிறான். கோடையில் போகிறோம். எதைப் பார்க்கலாம்? பேரனுக்கு நட்சத்திரம் பார்ப்பதில்தான் ஆசை, வீடு என்றால் கொட்டாவி விடுவான்.*
*— ஒரு வாசகர், பெரம்பூர்*

டப்ளினிலிருந்து பஸ்ஸிலேயே போகலாம் என்பதால் முதலில் காசில்டவுன். கல் படிக்கட்டைப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடித்துக்கொண்டு மறுபக்கம் அந்தரத்தில் நிற்கும் படிகள். நீளக் கூடத்தில் வெனிஸிலிருந்து வரவழைத்த கண்ணாடி விளக்குகள் உண்டு. வந்து சேர்ந்தபின் சுவரின் நீலத்தோடு விளக்கின் நீலம் ஒத்துப்போகவில்லையாம். எஜமானியம்மாள் லூயிசா அப்படியே மாட்டிவிட்டார். நம் வீட்டில் டைல்ஸ் மாறி வந்ததற்கு ஆயுள் முழுக்கச் சண்டை போடுகிறவர்கள் கவனிக்க.

இரண்டு நாள் இருந்தால் தெற்கே கில்லார்னி போய் மக்ராஸ் மாளிகை. 1843-ல் முடிந்தது. 1861-ல் விக்டோரியா ராணி வந்து இரண்டு ராத்திரி தங்குவதற்கு வீட்டுச் சொந்தக்காரர்களான ஹெர்பர்ட் குடும்பம் செய்த செலவில் கடன் இன்னும் ஏறியது, 1899-ல் வீடு கைமாறிவிட்டது. பிறகு கலிபோர்னியாத் தங்கச் சுரங்க முதலாளி ஒருவர் மகளுக்குக் கல்யாணச் சீராக வாங்கிக் கொடுத்தார். 1932-ல் அந்தக் குடும்பமே நாட்டுக்கு எழுதிக் கொடுத்தது, அயர்லாந்தின் முதல் தேசியப் பூங்கா அதுதான். கீழ்த் தளத்தில் சமையல் கட்டையும் வேலைக்காரர்களைக் கூப்பிடும் மணி வரிசையையும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

பேரனுக்கு பிர் கோட்டை. மூன்றாவது ராஸ் பிரபு 1845-ல் தன் தோட்டத்திலேயே கட்டிய தொலைநோக்கி அங்கே இருக்கிறது. கண்ணாடியின் குறுக்களவு 72 அங்குலம், அதாவது ஆறடி. அதைத் தாங்க இரண்டு பக்கமும் கோட்டை மாதிரிக் கல் சுவர். 1917 வரை உலகத்தில் இதைவிடப் பெரியது கிடையாது. வானத்தில் மங்கலான மேகம் மாதிரித் தெரியும் நெபுலாக்களில் சுழல் வடிவத்தை முதலில் பார்த்ததும் இதில்தான். பஞ்சம் வந்ததும் பிரபு வானத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஊரைப் பார்க்கப் போனார், சில வருஷம் தொலைநோக்கி சும்மா கிடந்தது. தோட்டத்துக்கு டிக்கெட் தனி. வீட்டுக்குள் பிரபுவின் வம்சத்தார் இன்னும் குடியிருக்கிறார்கள், எல்லா நாளும் உள்ளே விட மாட்டார்கள், கேட்டுக்கொண்டு போங்கள்.